களத்து ஆசான்களும் மருத்துவ மானிடவியல் விருதுகளும்: கொங்கு நாட்டிலிருந்து ஒரு வாதம்

மருத்துவ மானிடவியலில் வழங்கப்படும் பரிசுகள் சிலவற்றுக்கும் நீலகிரிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்காவின் மருத்துவ மானிடவியல் சங்கம் இளநிலை மாணவரின் சிறந்த கட்டுரைக்குத் தரும் பரிசு டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸின் பெயரால் அமைந்தது. லண்டனிலுள்ள அரச மானிடவியல் நிறுவனம் 1923இல் ஏற்படுத்திய ரிவர்ஸ் நினைவுப் பதக்கமும் அவர் பெயரையே தாங்குகிறது. அதை 1955இல் எம். என். சீனிவாஸ் பெற்றார். ரிவர்ஸ் ஒரு மருத்துவர். அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் சென்று மலையேறினால் வரும் நீலகிரியில், 1902இல் தோடர்களிடையே தங்கித் தகவல் திரட்டி, 1906இல் ‘தோடர்கள்’ என்ற பெருநூலை வெளியிட்டார். லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் 1915-16இல் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள், அவர் மறைந்தபின் 1924இல் ‘மருத்துவம், மாந்திரீகம், சமயம்’ என நூலாக வந்தன. நோய் எதனால் வருகிறது என்று ஒரு சமூகம் கருதுகிறதோ அதற்கு இசைவாகவே அதன் சிகிச்சையும் அமையும், அதில் தர்க்கம் உண்டு என்று அந்நூலில் அவர் நிறுவினார். இத்துறைக்கு அடித்தளமிட்ட கருத்துகளுள் அது ஒன்று.

ரிவர்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? தோட மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தமிழ் வழியாகத்தான் பேசினார். திருச்சபை உபதேசியார் சாமுவேலும் வனத்துறை ஊழியர் ஒருவரும் அவருக்குத் துணைநின்றனர். அவர் தம் நூலின் முன்னுரையில் அவர்களுக்கு நன்றி சொல்கிறார். எந்தக் கேள்வியை எவரிடம், எந்த வேளையில் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பதை மந்துகள் எனப்படும் குடியிருப்புகளில் இருந்த தோடர்களும் இந்த இருவருமே அவருக்கு உணர்த்தியிருக்க முடியும். இன்றைய பல்கலைக்கழகம் ‘நெறியாள்கை’ என்று போற்றும் பணி இதுதான். அப்பணியைப் பெற்றுக்கொண்ட மாணவரின் பெயரில் பதக்கம் இருக்கிறது, ஆசான்கள் முன்னுரையில் நிற்கிறார்கள்.

மருத்துவ மானிடவியலில் புலமையையும் வழிகாட்டலையும் போற்றும் விருதுகள், வழிகாட்டல் நடக்கும் இடத்தைத் தவறாகக் கணிக்கின்றன என்பதே என் வாதம். அவை பல்கலைக்கழக அறையைப் பார்க்கின்றன. இத்துறையின் முதன்மையான பயிற்சியோ களத்தில், மருத்துவச்சியிடமும் பூசாரியிடமும் வைத்தியரிடமும் நிகழ்கிறது. கொங்கு நாட்டின் ஆய்வு வரலாறு இதற்கு வலுவான சான்று தருகிறது.

எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்’ (1909) ஏழு தொகுதிகளின் முகப்பிலும் கே. ரங்காச்சாரியின் பெயர் ‘உதவியவர்’ என்ற அளவில் இடம்பெற்றுள்ளது. அக்காலத்தில் அதுவே பெரிது. நாம் அங்கேயே நின்றுவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

மானிடவியலாளர் பிரெண்டா பெக்கின் பணியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அவிநாசிக்குத் தென்கிழக்கே, காங்கயம் பகுதியில் உள்ள ஓலப்பாளையத்தில் 1960களின் நடுவில் தங்கி ஆய்வு செய்தவர் அவர். வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளை ஆராய்ந்த ‘கொங்கில் உழவர் சமூகம்’ 1972இல் வந்தது. அதற்கு முன்பே, 1969இல், தென்னிந்தியச் சடங்குகளில் நிறமும் வெப்பமும் பெறும் இடம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். பூப்பு, பேறு, அம்மை, சாவு ஆகிய நிலைகளில் உடல் ‘சூடு’ கொள்வதாகக் கருதப்படுவதையும், சிவப்பு அந்த வெப்பத்தையும் வெள்ளை குளிர்ச்சியையும் குறிப்பதையும், சடங்கு ஒவ்வொன்றும் வெப்பத்தைக் குளிர்ச்சிக்குள் அடக்கிவைக்கும் முயற்சியாக இருப்பதையும் அக்கட்டுரை காட்டுகிறது. மஞ்சள் நீர், வேப்பிலை, மோர், இளநீர் என்று நம் வீடுகளில் புழங்கும் பொருள்கள் ஓர் ஒழுங்கான உடலியல் சிந்தனையின் உறுப்புகள் என அது நிறுவியது. தென்னிந்திய மருத்துவ மானிடவியலில் அக்கட்டுரையைக் கடந்து எவரும் எழுத முடியாது.

இந்த அறிவு அவருக்கு ஒரு நூலகத்தில் கிடைக்கவில்லை. எந்தத் தட்டில் ஆரத்தி, அதில் எவ்வளவு சுண்ணாம்பு, யார் சுற்ற வேண்டும், யார் சுற்றக் கூடாது என்பதை ஓலப்பாளையத்துப் பெண்கள் ஒவ்வொரு சடங்கிலும் செய்துகாட்டியிருக்க வேண்டும். கொங்கின் நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையை இரவு இரவாகப் பாடிய பாடகர்களின் பெயர்கள் அவருடைய பதிப்பில் இருக்கின்றன. அது அவருடைய நேர்மைக்குச் சான்று. கதை பாடியவர் ‘கலைஞர்’ என்பதால் பெயர் பெற்றார். உடலைப் பற்றிய சிந்தனையைக் கற்பித்த பெண்களுக்கு அப்படி ஒரு தகுதிநிலை இல்லை. ‘தகவலாளி’ என்ற பொதுப்பெயருக்குள் அவர்கள் கரைந்துபோனார்கள். இது பெக்கின் குறையன்று. ஒருவரை அறிஞர் என்று ஏற்பதற்குத் துறை வைத்திருக்கும் அளவுகோலின் குறை.

கொங்கின் நாவிதர் குடியும் நினைவுக்கு வருகிறது. கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதே குடியின் ஆண்கள் புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்து வைத்தார்கள், பெண்கள் பேறு பார்த்தார்கள். வாழ்த்துப்பாடல் நூலாக அச்சேறியிருக்கிறது. பேறு பார்த்த அறிவில் எவ்வளவு எழுத்துக்கு வந்தது?

களத்தில் கற்பது ஏன் இன்றியமையாதது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2021 மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, கோவை இருகூரிலுள்ள காமாட்சிபுரி ஆதீனத்தில் ‘கொரோனா தேவி’ சிலை வைக்கப்பட்டது. அச்செய்தி நாடெங்கும் பெரும்பாலும் வேடிக்கையாகவே பேசப்பட்டது. ஆனால் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் ஒரு நூற்றாண்டாக இருந்து வருகின்றன. கொள்ளைநோயைத் தெய்வமாக்கி ஊருக்குள் அமர்த்தி, குளிர்வித்து, அதனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளும் வழக்கம் இங்கே பழையது. அது தடுப்பூசிக்கு எதிரானதா, துணையானதா, தொடர்பே அற்றதா என்பது ஊர்தோறும் விசாரித்து அறிய வேண்டிய பொருள். அந்த விசாரணைக்கு ஒரு மாணவரைத் தயார்செய்ய, பூசாரியிடமும் கும்பிட வந்தவர்களிடமும் பல மாதம் அமர்ந்து கேட்பதே வழி.

இனி விருதுகளுக்கு வருவோம். மருத்துவ மானிடவியல் சங்கம் நூலுக்கும் கட்டுரைக்கும் வாழ்நாள் பணிக்கும் பரிசு தருவதோடு, மாணவர்களைச் சிறப்பாக வழிநடத்தும் ஆசிரியருக்கும் மாணவர் பரிந்துரையின்பேரில் விருது தருகிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன். நெறியாளரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை; அதை உணர்ந்தவர் மாணவர்; பரிந்துரை அவரிடமிருந்து வருவதே முறை. நம் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு மாணவர் முனைவர் பட்டம் பெற்றால் நெறியாளருக்கு 10 புள்ளிகள். மாணவர் களத்தில் நிற்கக் கற்றாரா, நோயாளியின் கதையைத் திரிக்காமல் எழுதக் கற்றாரா என்று அந்த எண் சொல்லாது.

தமிழ் இலக்கிய உலகம் இதில் சற்று முன்னே சென்றிருக்கிறது. அவிநாசிக்கு அருகே சோமனூரில் பிறந்த கோவை ஞானி, பார்வையை இழந்த பின்னும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுத வந்த இளைஞர்களோடு இடையறாது உரையாடி, பெண்களின் சிறுகதைகளைத் தேடித் தொகுத்தவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2009ஆம் ஆண்டுக்கான இயல் விருதை ஐராவதம் மகாதேவனுக்கும் அவருக்கும் வழங்கியபோது, நூல்களை எழுதியவரோடு தலைமுறையை உருவாக்கியவரும் மதிக்கப்பட்டார் என்றே நான் கொள்கிறேன்.

களத்து ஆசானை மதிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதற்கும் கோயம்புத்தூர் தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 1987இல் அனைத்திந்திய இன உயிரியல் கூட்டாய்வுத் திட்டத்தின் அறிஞர்கள் அகத்திய மலைப்பகுதியில் பயணம் செய்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் களைப்பின்றி நடப்பதைக் கண்டார்கள். வழியில் அவர்கள் உண்ட ஒரு செடியின் காய்களே காரணம் எனத் தெரிந்தது. பெரிதும் தயங்கிய பிறகே குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, அதைத் தயாரிக்கும் உரிமையை 10 இலட்சம் ரூபாய்க்குக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கியது. விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகையும் பேசப்பட்டது. இவ்வருவாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவுசெய்யப்பட்டது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய பி. புஷ்பாங்கதன் 2002இல் ஐக்கிய நாடுகளின் ‘ஈக்வேட்டர்’ பரிசு பெற்றார். பயன் பகிர்வுக்கு உலக முன்மாதிரி என இது புகழப்பட்டது.

புகழத் தக்கதுதான். ஆயினும் இரு குறைகளை மறைக்க முடியாது. காணிகளின் மருத்துவர்களான பிளாத்திகள் சிலர், தங்கள் குலத்தின் அறிவு விற்கப்படுவதை எதிர்த்தனர். வழிகாட்டி சொன்னது அவருடைய தனிச்சொத்தா, பிளாத்திகளின் பொறுப்பில் உள்ளதா, குலம் முழுவதற்கும் பொதுவானதா என்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. மேலும், காணிகளுக்குக் கிடைத்தது பணப் பங்கு, பரிசு விஞ்ஞானிக்கு. அவர்கள் பயனாளிகளாக எண்ணப்பட்டார்கள், ஆசிரியர்களாக எண்ணப்படவில்லை. பணத்தைப் பகிர ஒரு வழி கண்டுபிடித்தோம். கற்பித்தவர் என்ற தகுதியைப் பகிர இன்னும் வழி காணவில்லை.

ஆகவே அவிநாசி, கோவை, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து ஒரு விருது ஏற்படுத்துமானால், அது இருவருக்குச் சேர்த்தே வழங்கப்பட வேண்டும்: நெறியாளர் ஒருவர், அவர் மாணவருக்குக் களத்தில் கற்பித்தவர் ஒருவர். பரிந்துரை மாணவரிடமிருந்து, தமிழில் வர வேண்டும். களத்து ஆசானின் பெயர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நெறியாளரின் பெயருக்கு அடுத்து இடம்பெற வேண்டும். அவர் நாட்டு வைத்தியராக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. இன்று அவிநாசியைச் சுற்றியுள்ள பின்னலாடை ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பெருந்திரளாக வேலை செய்கிறார்கள். அவர்களுடைய நோயையும் மருத்துவமனையில் அவர்கள் படும் மொழிச்சிக்கலையும் ஆராயப்போகும் மாணவருக்கு, விடுதியில் உடன் தங்கும் ஓர் ஒடியத் தொழிலாளியே முதல் ஆசான் ஆகலாம்.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்றுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. விருது மேடையில் ஏற்றினால் நாட்டு வைத்தியருக்குச் சட்டச் சிக்கல் வரும் என்பார்கள். சிகிச்சை உரிமம் வேறு, கற்பித்தமைக்கான மதிப்பு வேறு என்று விருதுக் குறிப்பிலேயே தெளிவாக எழுதி அதைத் தவிர்க்கலாம். என்னை நிறுத்திய கனமான மறுப்பு சாதி பற்றியது. பேறு பார்த்தல் ஒரு குடியின் பெண்கள்மேல் சுமத்தப்பட்ட வேலை; தீட்டென ஒதுக்கி, கூலியைத் தானியமாக அளந்து, வாசலுக்கு வெளியே நிறுத்திப் பெறப்பட்ட உழைப்பு. தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த வேலையிலிருந்து விடுபட்ட குடும்பங்கள் அதை மறக்க விரும்புவதற்கு முழு நியாயம் உண்டு. பாட்டியின் கைத்திறனைப் பேத்தி பெருமையாகக் கருதலாம். ஊர் அந்தப் பழைய பெயரை மீண்டும் எடுக்குமே என்று அஞ்சவும் செய்யலாம். எனவே மருத்துவச்சியின் பெயரை வெளியிடுவதா, மறைப்பதா என்பதை அவரும் அவர் வீட்டாரும் மட்டுமே முடிவுசெய்ய வேண்டும். பெயர் வேண்டாம் என்றாலும் பரிசுத்தொகை முழுமையாக அவரைச் சேர வேண்டும். பதிவுகள் எந்தக் காப்பகத்தில் இருந்தாலும் அவற்றைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். இந்த மூன்றும் விதிகளில் எழுதப்பட்ட பிறகே முதல் விண்ணப்பத்தைப் பெற வேண்டும்.