கரை அடைக்க வந்த கைகள்

புயலோ வெள்ளமோ தீயோ வந்தால் முதல் பத்து நாள் எல்லாரும் வருவார்கள். அரிசி வரும், போர்வை வரும், பழைய துணி மூட்டை மூட்டையாக வரும். அமைச்சர் வருவார், தொலைக்காட்சிக்காரர் வருவார். பதினோராம் நாள் ஊர் அமைதியாகிவிடும். விவசாயிக்கு உண்மையான கஷ்டம் அன்றைக்குத்தான் ஆரம்பம். வீட்டுக்குக் கூரை போட்டாச்சு, சரி. வயலுக்கு யார் கூரை போடுவது? அழிந்த நிலத்தை மறுபடி விளைய வைப்பதற்கு ஒரு போகமும் ஆகலாம், ஏழு வருஷமும் ஆகலாம். அந்த நீண்ட காலத்தில் வெளியூரிலிருந்து கை கொடுக்க வந்தவர்கள் யார், எப்படி வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதைச் சரித்திரத்தில் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வேலி கட்டிய வண்டிவாசிகள்

முதலில் தொலைதூரத்து உதாரணம் ஒன்று. செம்பூரில் இன்று மெல்பர்னிலோ சிட்னியிலோ பிள்ளை இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு என்பதால், அது அவ்வளவு தூரமும் இல்லை.

2009 பிப்ரவரி 7-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெரும் காட்டுத்தீ பரவியது. அந்த நாளைக் 'கறுப்புச் சனிக்கிழமை' என்கிறார்கள். 173 பேர் மாண்டார்கள். கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஆடு வளர்த்துவந்த கெவின் பட்லர், ரோண்டா பட்லர் தம்பதியரின் வேலிகள் எரிந்து போயின. மேய்ச்சல் நாட்டில் வேலி என்பது அழகுக்கு வைப்பதல்ல. வேலி இல்லாவிட்டால் தப்பிப் பிழைத்த ஆடுமாடும் சாலைக்கு ஓடிவிடும், அல்லது விற்றுவிட வேண்டும். தீயில் வெந்த கம்பி நொறுங்கிப் போகும், மரக்கம்பம் கரியாகிவிடும். பல கிலோமீட்டர் வேலியை ஒரு குடும்பம் தனியாகக் கட்ட முடியுமா? அவர்கள் உதவி கேட்டார்கள், முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள், வேலை முடிந்தது. "நமக்குக் கிடைத்தது அடுத்தவருக்கும் கிடைக்கட்டும்" என்ற எண்ணத்தில் அந்தத் தம்பதி தொடங்கியதுதான் 'பிளேஸ் எய்ட்' என்ற தொண்டு அமைப்பு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வந்தவர்கள் யார் என்பதுதான். கேரவன் என்றால் நமக்கு சினிமா நட்சத்திரம் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். அங்கே அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் அதில் நாடு முழுக்கச் சுற்றுவது அங்கே பெரிய வழக்கம். அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த தலை நரைத்தவர்கள் பலர், தீ பட்ட ஊரின் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, வாரக்கணக்கில் தங்கி, கம்பி இழுத்தார்கள். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. 2019-20 கோடையில் மறுபடி பெரும் தீ வந்தபோதும் பல ஊர்களில் இந்த முகாம்கள் நடந்தன. பாதிக்கப்பட்டவர் வீட்டில் தங்கி அவருக்கே பாரமாகாமல், தங்குமிடத்தையும் கையோடு கொண்டு போனார்கள் என்பது கவனிக்க வேண்டிய நுட்பம்.

வீட்டுக்கு ஒரு ஆள்

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தர்மம் அல்ல. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை தெரியும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வருகிறது. வைகை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வருகிறார். கூலி என்ன? உதிர்ந்த பிட்டு. அதாவது சாப்பாடு மட்டும்! பிரம்படி பட்டது அரசன் மேலும் எல்லா உயிர் மேலும் விழுந்தது என்பது பக்திக்கான பகுதி. சரித்திரம் படிப்பவருக்கு வேறொன்று தெரியும்: கரை உடைந்தால் ஊரே கூடி அடைக்க வேண்டும் என்ற முறையும், ஆள் இல்லாத வீடு அந்த முறையில் மாட்டிக்கொண்டு தவிக்கும் என்பதும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இந்த முறைக்குத்தான் குடிமராமத்து என்று பெயர். ஏரிக்கரை, வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் அதில் பாயும் தண்ணீரால் பிழைப்பவர்களே பராமரிப்பது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்துக்கு வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பாரை அழைத்து வேலை வாங்க அதிகாரிக்கு அது உரிமை கொடுத்தது. 'உழைக்கும் வகுப்பார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மண் சுமக்கும் தலை யாருடைய தலை என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. நிலம் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு. நம் பழைய கூட்டுழைப்பைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களில் பல, அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தவைதாம். ஒருவர் தாமாக விரும்பி, தனக்குச் சொந்தமில்லாத நிலத்துக்குக் கை கொடுக்கப் போவது என்பது குடிமராமத்திலிருந்து ஒரு படி வேறானது.

நடந்து போனவர்கள்

அந்தப் படியை ஏறியவர்களில் சர்வோதயக்காரர்களைச் சொல்ல வேண்டும். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதைச் சுமந்தவர்களில் முதன்மையானவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். அவர்களுக்கு கேரவன் கிடையாது, கால்தான் வண்டி. தங்குமிடம் போகிற ஊரின் திண்ணை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர்; பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இது இயற்கை வைத்த தீ அல்ல. காட்டுத்தீயோடு ஒப்பிட முடியாத கொடுமை. ஆனால் தீக்குப் பிறகு யார் வந்தார், வந்தவர் எத்தனை நாள் இருந்தார் என்ற நம் கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்தப் பகுதிக்குப் போனார்கள். போனவர்கள் அங்கேயே ஊன்றினார்கள். 1981-இல் உழுபவனின் நில உரிமை இயக்கமான 'லாப்டி'யைத் தொடங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பெயரில், நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். 2013-இல் ஜெகந்நாதன் மறைந்தார். 2020-இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. கூரை வேய்ந்து கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. காலடியில் மண் இல்லாதவருக்கு எந்த நிவாரணமும் தங்காது என்று கண்டார்கள்.

உப்பு மூடிய வயல்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீனவர் துயரம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அலை வயலுக்குள்ளும் போனது பலருக்குத் தெரியாது. அறுப்புக்கு நின்ற சம்பா நெல் கருகியது. கடல் சேறு வயலை மூடியது, கிணறு உப்பானது. இனிமேல் பல வருஷத்துக்கு இங்கே ஒன்றும் விளையாது என்ற பேச்சு பரவியது.

இயற்கை விவசாய அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938-2013) தொண்டர்களுடன் அந்த ஊர்களுக்குப் போனார். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை பார்த்து, அதை விட்டு வெளியே வந்தவர் அவர். செய்த வேலையில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. படிந்த சேற்றை வழித்து எடுப்பது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிய விடுவது. இலைதழைகளைப் போட்டு மண்ணுக்கு உயிர் கொடுப்பது. உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. அதன் வேர் மண்ணைப் பிளக்கும், இலை உரமாகும். 2005 வடகிழக்குப் பருவமழையும் வெளுத்து வாங்கியதால் உப்பு இறங்கியது. குழியடிச்சான், களர்பாளை போன்ற உவர் தாங்கும் பழைய நெல் வகைகளுக்கு மறுபடி மதிப்பு வந்தது. பணத்தைவிட அந்த நேரத்தில் வேண்டியிருந்தது "இது முடியும்" என்று பக்கத்தில் நின்று சொல்லும் ஆளும், சேறு வழிக்கும் கையும்தான்.

விழுந்த தென்னை

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் புதுக் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வீட்டில் உலை எதை வைத்துக் கொதிக்கும்?

2019 ஜனவரியில் செம்பூரிலிருந்து நாங்கள் நாலு பேர், எல்லாருமே ஓய்வு பெற்றவர்கள், குர்லாவில் ரயில் ஏறிச் சென்னை வழியாக அந்தப் பக்கம் போனோம். புயல் அடித்து இரண்டு மாசம் ஆகியும் பல தோப்புகளில் மரம் கிடந்தபடியே கிடந்தது. அழுகும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது பெருகினால் நிற்கிற மரத்தின் குருத்தையும் துளைத்துவிடும். ஆகவே மரத்தை அகற்றுவது என்பது துப்புரவு வேலை மட்டுமல்ல, மிச்சத்தைக் காப்பாற்றும் வேலை. ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, அரிசி போதும்ப்பா. எட்டு மூட்டை கெடக்கு. ரம்பம் இருந்தா சொல்லுங்க." எங்களில் ஒருவர் முப்பது வருஷம் பம்பும் மோட்டாரும் பழுது பார்த்தவர். அரிசி மூட்டையைவிட அவர் கைக்குத்தான் அங்கே கிராக்கி. பத்து நாளில் ஏழு மோட்டாரை ஓட வைத்தார்.

இன்னொன்றும் பார்த்தோம். நிவாரணம் பட்டாவையும் அடங்கலையும் பார்த்து வரும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குச் செய்பவர் பலருக்குப் பேர் பதிவில் இருக்காது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும் நிலை இதுதான். தேங்காய் பறித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. 1858-இன் 'உழைக்கும் வகுப்பார்' இன்றும் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

அதே பேராவூரணியில் நம்பிக்கை தரும் சங்கதியும் உண்டு. துபாயில் மென்பொருள் வேலை பார்த்த நிமல் ராகவன் கஜாவுக்குப் பின் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஊர் இளைஞர்கள் சேர்ந்து 'கைஃபா' என்ற கடைமடை விவசாயிகள் சங்கத்தை அமைத்தார்கள். 2019-இல் பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். ஆணையும் இல்லை, பிரம்பும் இல்லை. குடிமராமத்து புது வடிவத்தில் திரும்பி வந்தது.

நம்மால் என்ன ஆகும்?

மும்பைத் தமிழருக்குப் பேரிடர் புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, முன்பின் தெரியாத வீடுகளில் நம்மவர்கள் படுத்து எழுந்தார்கள். செம்பூரே நாடு பிரிந்தபோது வந்த சிந்தி அகதிகளுக்கு இடம் கொடுத்து வளர்ந்த ஊர்.

நம் சங்கங்கள் ஒவ்வொரு புயலுக்கும் பணம் திரட்டி அனுப்புகின்றன. நல்ல காரியம், தொடரட்டும். ஆனால் டிராம்பேயின் அணுசக்தி மையத்திலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உரத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எத்தனையோ கைகள் இங்கே இருக்கின்றன. பம்பு, மின்சாரம், வெல்டிங், கணக்கு, மனு எழுதுவது எல்லாம் தெரிந்த கைகள். அடுத்த புயல் எப்போது என்று தெரியாது. வரும் என்பது தெரியும். அதற்கு முன்பே ஒவ்வொரு சங்கமும் மூன்று விஷயம் செய்து வைக்கலாம். யாருக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு பட்டியல். ஊருக்குப் பாரமில்லாமல் தங்கிச் சாப்பிட ஒரு ஏற்பாடு. முதல் பத்து நாளைக்கு அல்ல, மூன்றாம் மாதத்துக்குப் போவது என்ற ஒரு தீர்மானம். போகிறவர்கள் பட்டா உள்ளவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், வந்தியைப் போல ஆள் இல்லாத வீட்டையும் பேர் இல்லாத குத்தகைக்காரரையும் முதலில் தேடிப் போனால், செய்கிற வேலை உரிய இடத்தில் போய்ச் சேரும்.