பொத்தானில் செருகிய பெயர்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நூல் அல்ல. பழைய வால்வு ரேடியோ ஒன்றின் பொத்தானுக்கு மேல் செருகியிருக்கும் நான்கே எழுத்து: டபிள்யூ.ஏ.பி.சி. நான் வசிக்கும் நியூ ஜெர்சியில், பழைய பொருள் சந்தை ஒன்றில் வாங்கிய ரேடியோ அது.

1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்தப் பொத்தான்களுக்குப் பெரிய மோகம் இருந்தது. குமிழைத் திருகித் தேட வேண்டாம், அழுத்தினால் நிலையம் வரும். ரேடியோவோடு நிலையப் பெயர்கள் அச்சடித்த தாளும் கொடுப்பார்கள். உங்கள் ஊரில் எடுக்கும் நிலையங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் பெயரைச் செருகியதால் மட்டும் பொத்தானுக்கு நிலையம் தெரிந்துவிடாது. சில ரேடியோக்களில் பொத்தான் டியூனிங் கண்டென்சரையே சுழற்றி நிறுத்தும். சிலவற்றில் ஒரு குட்டி மோட்டார் அந்த வேலையைச் செய்யும். என்னுடையது வேறு வகை. ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் இரண்டு டிரிம்மர் திருகுகள்: ஒன்று ஆசிலேட்டருக்கு, மற்றது ஆன்டெனாவுக்கு. முதலில் இருபது நிமிடம் ரேடியோவை ஓடவிட வேண்டும். சூடேறும்வரை ஆசிலேட்டர் ஓரிடத்தில் நிற்காது. பிறகு டயலில் நிலையத்தைப் பிடித்து, அங்கே யார் பேசுகிறார் என்று காதில் வாங்கிக்கொண்டு, பொத்தானை அழுத்தி, அதே குரல் வரும்வரை ஆசிலேட்டர் திருகைத் திருப்ப வேண்டும். அதன் பின்புதான் ஆன்டெனாத் திருகு. பலமான நிலையம் என்றால் இங்கே காதை நம்ப முடியாது. தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு வித்தியாசத்தை மறைத்துவிடும். ‘மாயக் கண்’ என்ற பச்சை வால்வு இருந்தால் அதன் நிழல் ஒடுங்கும் இடத்தைப் பார்க்கலாம். பொறுமை உள்ளவர்களுக்கு இனிமையான வேலை.

இந்த வேலையை ஒரு நாடே மறுபடி செய்ய வேண்டி வந்தது. வட அமெரிக்க நாடுகளின் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதாதிருக்க 1937இல் ஹவானாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1941 மார்ச் 29, கிழக்கு நேரம் அதிகாலை 3 மணிக்கு. அமெரிக்க நிலையங்களில் பெரும்பாலானவை அன்று இடம் மாறின. நியூயார்க்கில் டபிள்யூ.இ.ஏ.எஃப். 660 கிலோசைக்கிளிலும் டபிள்யூ.ஓ.ஆர். 710இலும் அப்படியே நின்றன. டபிள்யூ.ஜே.இசட். 760இலிருந்து 770க்கும், டபிள்யூ.ஏ.பி.சி. 860இலிருந்து 880க்கும் போயின. குமிழ் ரேடியோ வைத்திருந்தவர் விரலைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பியிருப்பார், அவ்வளவுதான். வசதிக்காகக் காசு கொடுத்துப் பொத்தான் வாங்கியவருக்குத்தான் திருப்புளியோடு ஒருவர் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1946இல் 880இன் பெயர் டபிள்யூ.சி.பி.எஸ். ஆனது. 1953இல் பழைய டபிள்யூ.ஜே.இசட். நிலையம், அதாவது 770, டபிள்யூ.ஏ.பி.சி. என்ற பெயரைச் சூடிக்கொண்டது. ஆக, என் ரேடியோவில் இருக்கும் அதே நான்கு எழுத்து 1940இல் 860, 1942இல் 880, இன்றைக்கு 770. தாளை மட்டும் படித்தால் போதாது, திருகையும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படித்தும் பார்த்தேன். பொத்தான் 880க்குச் சற்றுக் கீழே நின்றது. 1941 வசந்தத்தில் யாரோ வந்து திருப்பிவிட்டுப் போனார் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் மைக்கா டிரிம்மர் எண்பது ஆண்டுகளில் தானாகவே நகர்ந்திருக்கலாம். இடையில் வேறு கைகளும் பட்டிருக்கலாம். பக்கத்திலுள்ள டபிள்யூ.இ.ஏ.எஃப். பொத்தானும் 660ஐ விட்டுக் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. அந்த நிலையம் 1941இல் அசையவே இல்லை.

770இல் வைத்தால் பெயரும் நிலையமும் இன்று பொருந்தும், கேட்பவருக்கும் குழப்பமில்லை. நான் 880இலேயே வைத்துவிட்டேன். இந்தத் தாளைச் செருகிய வீடு, மார்ச் 29க்குப் பிறகும் அதே நிகழ்ச்சிகளைக் கேட்க விரும்பியிருந்தால், அங்கேதான் போயிருக்க வேண்டும்.