சுட்டி கொடுத்தா மார்க்கு: ஒரு குட்டி வரலாறு

முன்னெல்லாம் ரெண்டு பதிவர்கள் சந்திச்சா "புதுசா என்ன எழுதினீங்க?"ன்னு கேட்டுப்பாங்க. இப்போ "உங்க தளத்துக்கு டி.ஏ. எவ்வளவு?"ன்னு ஆரம்பிக்கறாங்க. எனக்கும் அப்பப்ப ஒரு மெயில் வரும். "உங்கள் பதிவில் எங்கள் தளத்துக்கு ஒரு சுட்டி கொடுங்கள், பணம் தருகிறோம்." எவ்வளவு பணம்ங்கறது நான் என்ன எழுதறேன்ங்கறதைப் பொறுத்தது இல்லையாம். ஏதோ ஒரு கருவி என் தளத்துக்குப் போட்டிருக்கிற மார்க்கைப் பொறுத்ததாம். படிப்புக்கு வந்த ஊர்ல கைச்செலவுக்குத் திண்டாடுற ஆளுக்கு இது சபலம்தான், பொய் சொல்லக் கூடாது :-)

சரி, இந்த மார்க்கு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் பார்ப்போம்னு கிளம்பினேன். தேடல் போய் நின்ன இடம் 1873.

டிஸ்கி: இது எஸ்.ஈ.ஓ. பாடம் இல்லை. கொஞ்சம் நீளம் வேற. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

பசைத்தாள் காலம்

அமெரிக்கக் கோர்ட்டுகள்ல பழைய தீர்ப்புக்கு மதிப்பு அதிகம். இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு தீர்ப்பைக் காட்டி வக்கீல் வாதாடறார்னு வைங்க. இடையில வேற ஒரு கோர்ட் அதைத் தள்ளிவச்சிருந்தா கதை கந்தல். ஆனா புத்தகத்துல அச்சான தீர்ப்புக்குத் தன்னோட எதிர்காலம் தெரியாது. தன்னைப் பின்னாடி யார் யார் எடுத்துச் சொன்னாங்கன்னு அதால காட்ட முடியாது.

இல்லினாய்ஸ்ல இருந்த பிராங்க் ஷெப்பர்ட்ங்கறவர் 1873ல இதுக்கு ஒரு வழி பண்ணினார். "இந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த இன்னின்ன தீர்ப்புகள் குறிப்பிட்டுள்ளன"ன்னு பசை தடவின சின்னத் தாள்கள்ல அச்சடிச்சு வித்தார். வக்கீல்கள் வாங்கி, தங்களோட சட்டப் புத்தகத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டாங்க. பின்னாடி அதுவே தனிப் புத்தக வரிசையா வளர்ந்தது. "எனக்கு யார் சுட்டி கொடுத்தாங்க?"ங்கற இன்னிக்கு பேக்லிங்க் கருவி சொல்ற விஷயத்தை, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல பசைத்தாள் சொல்லியிருக்கு.

இங்கே ஒரு விஷயத்தை நல்லா மனசுல வச்சுக்கங்க. ஷெப்பர்ட் வரிசை வெறும் எண்ணிக்கை இல்லை. பின்னாடி வந்த கோர்ட் அந்தத் தீர்ப்பை ஏத்துக்கிச்சா, குறை சொல்லிச்சா, தூக்கியே எறிஞ்சிடுச்சான்னு ஒத்தை எழுத்துக் குறியீடுகள்ல சொல்லிடும். யார் சொன்னாங்க, என்ன அர்த்தத்துல சொன்னாங்க, ரெண்டும் இருக்கும்.

விஞ்ஞானத்துக்குப் போனப்போ

1953ல யூஜின் கார்ஃபீல்ட்ங்கற இளைஞருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதினவர் வில்லியம் அடேர், ஷெப்பர்ட் கம்பெனியில துணைத்தலைவரா இருந்து ஓய்வு பெற்றவர். எங்க முறையை நீங்க விஞ்ஞானத்துக்குப் பயன்படுத்தலாமேங்கறது அவரோட யோசனை. கார்ஃபீல்ட் கப்புனு பிடிச்சுக்கிட்டார். 1955ல 'சயின்ஸ்' இதழ்ல கட்டுரை எழுதினார். 1964ல சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் வெளிவந்தது. முதல் தொகுப்பு 613 ஆய்விதழ்கள்லேருந்து சுமார் 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டினது.

அவர் நோக்கம் தேடல்தான். ஒரு பழைய கட்டுரை கையில இருந்தா, அந்த யோசனையைப் பின்னாடி யார் யார் எடுத்துக்கிட்டுப் போனாங்கன்னு கண்டுபிடிக்கிறது. எந்த இதழ்களைத் தொகுப்புல சேர்க்கறதுன்னு முடிவு பண்றதுக்காக, அவரும் இர்விங் ஷெர்ங்கறவரும் உருவாக்கின கணக்குதான் இம்பாக்ட் ஃபேக்டர். அதாவது வீட்டு உபயோகத்துக்குப் பண்ணின அளவுகோல். அது எங்கே வந்து நின்னுச்சுன்னு ஆராய்ச்சிப் படிப்பு பக்கம் தலைவச்சுப் படுத்தவங்களுக்கெல்லாம் தெரியும். வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி எல்லாம் இந்த மாதிரி எண்களைச் சுத்தியே நடக்குது. 2005ல ஹிர்ஷ்ங்கற இயற்பியலாளர் எச்-இன்டெக்ஸ்னு இன்னொண்ணைச் சேர்த்தார். இங்கே எங்க காண்டீன்ல புரொபசர்களைப் பத்திப் பேசும்போது பேருக்கு அடுத்து வர்றது அந்த எண்தான்.

பாருங்க, ஷெப்பர்ட் காட்டின "என்ன அர்த்தத்துல"ங்கறது இதுக்குள்ள காணாமப் போயிடுச்சு. ஒருத்தர் கட்டுரையைக் கிழி கிழின்னு கிழிச்சு மேற்கோள் காட்டினாலும் அவருக்கு ஒரு மார்க்குதான்!

ஸ்டான்ஃபோர்ட் பசங்க

எல்லா மேற்கோளும் ஒரே எடையா? பெரிய இதழ்ல வர்ற மேற்கோளுக்கு எடை அதிகம் வேணாமா? இதை 1976லயே கேப்ரியல் பின்ஸ்கி, பிரான்சிஸ் நாரின்னு ரெண்டு பேர் கணக்காப் போட்டுட்டாங்க. முக்கியமான இதழ்கள் எதை மேற்கோள் காட்டுதோ அதுவும் முக்கியமான இதழ். வட்டமாச் சுத்தற மாதிரி தெரிஞ்சாலும் கணிதத்துல இதுக்கு விடை உண்டு.

இதே யோசனையை இணையத்துக்குக் கொண்டு வந்ததுல லாரி பேஜ், செர்கே பிரின்னுக்குப் பெரிய பங்கு. 1996ல அவங்க தேடுபொறிக்கு வச்ச பேரே 'பேக்ரப்'. பேக்லிங்க்கை ஆராயறதால அந்தப் பேரு. 1998 ஏப்ரல்ல பிரிஸ்பேன் மாநாட்டுல கூகிள் பத்தின கட்டுரை வந்தப்போ அவங்க கையில இருந்தது சுமார் 2 கோடியே 40 லட்சம் பக்கங்கள்.

கணக்கு சிம்பிள். ஒரு பக்கத்துல 4 சுட்டி இருந்தா, அந்தப் பக்கத்தோட மதிப்பு நாலாப் பிரிஞ்சு ஒவ்வொரு சுட்டி வழியாவும் கால் பங்கு போகும். எல்லாப் பக்கத்துக்கும் சமமா ஒரு மதிப்பு கொடுத்து ஆரம்பிச்சு, இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டே இருந்தா, ஒரு கட்டத்துல எண்கள் அசையாம நின்னுடும். நடுவுல ஒரு கற்பனை வாசகன். நூத்துக்கு 85 தடவை ஏதாவது ஒரு சுட்டியைத் தட்டிக்கிட்டே போவான். மீதி 15 தடவை போரடிச்சு எங்கேயாவது சம்பந்தமே இல்லாத பக்கத்துக்குத் தாவிடுவான். அவன் ஒரு பக்கத்துல இருக்க எவ்வளவு வாய்ப்போ, அதுதான் அந்தப் பக்கத்தோட பேஜ்ரேங்க்.

அவங்க மட்டும் இல்லை. ராபின் லீ 1996லயே ரேங்க்டெக்ஸ்னு சுட்டி வழித் தேடல் ஒண்ணு பண்ணினார். 2000ல பைடுவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் அவர். ஜான் கிளைன்பெர்க் அதே 1998ல பக்கங்களை ரெண்டு வகையாப் பிரிச்சார். நல்ல இடங்களைக் காட்டுற பக்கம் 'ஹப்', நல்ல பக்கங்களால காட்டப்படுற பக்கம் 'அத்தாரிட்டி'. இப்போ நாம கட்டிப் புரளற அந்த வார்த்தை அப்போ இந்த அர்த்தத்துலதான் இருந்தது.

இந்த இடத்துல எனக்குச் சிரிப்பு வந்த ஒரு விஷயம் சொல்றேன். பேஜ்ரேங்க் பத்தின ஸ்டான்ஃபோர்ட் அறிக்கையில, இதை ஏமாத்த முடியுமாங்கற கேள்வியும் வருது. பெரிய தளங்கள்ல சுட்டியை விலைக்கு வாங்கலாம், ஆனா அதுக்குக் காசு செலவாகுமே, அதனால கட்டுக்குள்ளதான் இருக்கும்ங்கற மாதிரி பதில் சொல்லியிருக்காங்க. காசு செலவானா எவனும் செய்யமாட்டான்னு நம்பியிருக்காங்க பாருங்க, என்ன ஒரு வெள்ளை மனசு!

பச்சைக் கோடு வந்தது, சந்தை வந்தது

2000 டிசம்பர்ல கூகிள் டூல்பார் வந்தது. நீங்க எந்தப் பக்கத்துல இருந்தாலும் அதுக்கு 0லேருந்து 10 வரை ஒரு மார்க்கு, பச்சைக் கோடா மேல தெரியும். அதுவரைக்கும் உள்ளுக்குள்ள இருந்த கணக்கு இப்போ எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. தெரிஞ்சதும் அதுக்கு ரேட் கார்டும் வந்துடுச்சு.

கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான். நீ எனக்கு ஒண்ணு வை, நான் உனக்கு ஒண்ணு வைக்கறேன். சுட்டியை மாத்திக்கிட்டாங்க, வித்தாங்க, வாங்கினாங்க. சுட்டி கொடுக்கறதுக்குன்னே ஆயிரக்கணக்குல வெத்துத் தளங்களைக் கட்டினாங்க.

சர்ச்கிங்னு ஒரு ஓக்லஹோமா நிறுவனம் பேஜ்ரேங்க்கை வச்சே விளம்பரச் சுட்டி வியாபாரம் பண்ணினது. 2002ல அதோட மார்க்கு சடார்னு இறங்கிடுச்சு. கூகிள் மேல வழக்குப் போட்டாங்க. 2003 மே மாசம் தீர்ப்பு: பேஜ்ரேங்க்ங்கறது கூகிளோட கருத்து, கருத்துச் சுதந்திரம் அதைப் பாதுகாக்கும், வழக்கு தள்ளுபடி. மார்க்கை வேதவாக்கா நினைச்சவங்களுக்கு, அது ஒருத்தரோட அபிப்பிராயம்தான்னு கோர்ட்டே சொல்லிடுச்சு.

2003லதான் இன்னொரு கூத்தும். நிறையப் பேர் சொல்லிவச்சு "படுதோல்வி"ங்கற அர்த்தம் வர்ற ஆங்கிலச் சொற்கள்ல ஜார்ஜ் புஷ்ஷோட வெள்ளை மாளிகைப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தாங்க. அந்தச் சொற்களைத் தேடினா அதிபர் முதல்ல வந்து நின்னார். திட்டினாலும் ஓட்டுத்தான்னு நிரூபிச்சுக் காட்டிட்டாங்க. கூகிள் இதைச் சரி பண்ண 2007 ஜனவரி ஆச்சு.

2005 ஜனவரியில கூகிள், யாஹூ, எம்.எஸ்.என். மூணும் சேர்ந்து 'நோஃபாலோ' கொண்டு வந்தாங்க. "சுட்டி இருக்கு, ஆனா இது என் சிபாரிசு இல்லை"ன்னு சொல்ற குறி. பின்னூட்டப் பெட்டியில மாத்திரை விளம்பரம் கொட்டினவங்களைத் தடுக்க வந்தது. என்னைக் கேட்டா, ஷெப்பர்டோட ஒத்தை எழுத்துக் குறியீட்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு அரைகுறை முயற்சி.

2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் ஒரு பெரிய செய்தி போட்டது. ஜே.சி.பென்னிங்கற பெரிய கடை, உடையிலேருந்து மெத்தை விரிப்பு வரைக்கும் பல தேடல்கள்ல முதல்ல வந்துக்கிட்டிருந்தது. ஏன்னு பார்த்தா, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்கள்ல அதுக்குச் சுட்டிகள். கடை தனக்குத் தெரியாதுன்னு சொல்லி, தன் எஸ்.ஈ.ஓ. நிறுவனத்தை நீக்கினது. கூகிள் தேடல்ல கடையைக் கீழே தள்ளினது. அடுத்த வருஷம், 2012 ஏப்ரல்ல, 'பெங்குவின்' வந்தது. ஆங்கிலத் தேடல்கள்ல சுமார் 3.1 சதவீதத்தை இது பாதிக்கும்னு கூகிளே சொன்னது. காசு கொடுத்து சுட்டி வாங்கினவங்க, தயவுசெஞ்சு எடுத்துடுங்கன்னு கெஞ்சி மெயில் போட்ட காலம் அது :-) அந்தப் பச்சைக் கோட்டைக் கடைசியா 2013 டிசம்பர்ல புதுப்பிச்சாங்க. 2016ல எடுத்தே போட்டுட்டாங்க.

இப்போ கருவி காட்டுறது என்ன?

கோடு போனாலும் மார்க்கு ஆசை போகலை. அந்த இடத்தை வெளிக் கம்பெனிகள் நிரப்பினாங்க. மாஸ் 'டொமைன் அத்தாரிட்டி', ஏரெஃப்ஸ் 'டொமைன் ரேட்டிங்', மெஜெஸ்டிக் 'டிரஸ்ட் ஃப்ளோ', செம்ரஷ் 'அத்தாரிட்டி ஸ்கோர்'. இதுல ஒண்ணு கூட கூகிளோட எண் இல்லை. ஒவ்வொருத்தரும் தங்க சிலந்தியை அனுப்பி இணையத்தை மேஞ்சு, தங்க சூத்திரத்துல போட்ட கணக்கு. அதனாலதான் ஒரே தளத்துக்கு ஆளுக்கொரு மார்க்கு. 2024ல கூகிள் உள் ஆவணங்கள் கசிஞ்சப்போ அதுல 'சைட் அத்தாரிட்டி'ன்னு ஒரு பேர் இருந்தது உண்மைதான். அதை எப்படி, எவ்வளவு பயன்படுத்தறாங்கன்னு அந்த ஆவணத்துல இல்லை.

கருவியைத் திறந்தா நான் பார்க்கறது இவ்வளவுதான்:

ஒண்ணு, பேக்லிங்க் எண்ணிக்கையை விட்டுட்டு எத்தனை தளங்கள்னு பாருங்க. ஒரு நண்பர் தன் ஓரப்பட்டையில உங்க பேரைப் போட்டா, அவரோட 500 பக்கத்துக்கும் 500 சுட்டி காட்டும். சொன்ன ஆள் ஒருத்தர்தான்.

ரெண்டு, சுட்டியில என்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க. மனுஷங்க "இங்கே", "இவர் எழுதியது", பதிவுத் தலைப்புன்னு விதவிதமா எழுதுவாங்க. ஐம்பது இடத்துல ஒரே விளம்பர வாசகம் வந்தா அது கூலிப்படை.

மூணு, மார்க்கு இறங்கிட்டா பதறாதீங்க. 0லேருந்து 100 வரைங்கறது மத்தவங்களோட ஒப்பிட்டுப் போடறது. உங்களுக்கு ஒரு சுட்டியும் குறையாமலே, பெரிய தளங்கள் இன்னும் பெருசானா நீங்க இறங்குவீங்க. 20லேருந்து 30 போறதைவிட 70லேருந்து 80 போறது ரொம்பக் கஷ்டம்ங்கறதும் இதுல உண்டு.

நாலு, ரொம்ப முக்கியம். அந்தச் சுட்டியைத் தட்டி, போய்ப் படிங்க. உங்களைப் பத்தி என்னதான் சொல்லியிருக்காங்க? இதை எந்த மார்க்கும் சொல்லாது.

பழைய கல்வெட்டு பத்தி, கிராமத்துக் கூத்து பத்தி, ஈழத்து நூலகங்கள் பத்தி வருஷக்கணக்கா எழுதற தமிழ்த் தளங்களைக் கருவியில போட்டுப் பார்த்தேன். பலதுக்கும் ஒத்தை இலக்க மார்க்கு. அந்த விஷயத்தைப் பத்தி எழுதற ஆளே நாலு பேர்தான், அந்த நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சுட்டி கொடுத்தாச்சு. இனி எங்கேருந்து மார்க்கு வரும்? கருவி மேல தப்பு இல்லை, அது எண்ணுது. எண்ணினதைத் தகுதின்னு நாம படிச்சா தப்பு நம்மது. அந்த எண்ணைப் பார்த்து ஒருத்தர் எழுதறதை நிறுத்திட்டார்னா நஷ்டம் நமக்குத்தான்.

அந்தக் காசு மெயில்களுக்கு நான் பதில் போடறதில்லை. நல்ல பிள்ளைங்கறதால இல்லை. நான் ஒரு பதிவுக்குச் சுட்டி கொடுத்தா, "நான் படிச்சேன், நீங்களும் படிங்க"ன்னு அர்த்தம். ஒரே ஒரு தடவை வித்துட்டாலும், மத்த சுட்டிகளையும் நீங்க சந்தேகமாத்தான் பார்ப்பீங்க. பார்க்கணும் கூட.

உங்களுக்கும் இந்த மாதிரி மெயில் வருதா? நீங்க என்ன பண்றீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படியே ஒத்தை இலக்க மார்க்கு உள்ள, நீங்க விடாமப் படிக்கிற ஒரு தளத்தோட பேரையும் சொல்லிட்டுப் போங்க. அடுத்த பதிவுல எல்லாத்துக்கும் சுட்டி கொடுத்துடலாம். நோஃபாலோ இல்லாம :-)