குவாட்ரிசைக்கிள்: வீட்டுக் கொட்டகையில் பிறந்த காரும் அதன் ஓடும் பிரதிகளும்

குவாட்ரிசைக்கிள் என்பது ஹென்றி ஃபோர்டு 1896 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், தான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறக் கொட்டகையில் செய்து முடித்த முதல் மோட்டார் வண்டி. நான்கு சைக்கிள் சக்கரங்கள் மீது ஓடியதால் இப்பெயர் பெற்றது. தொழிற்சாலையோ முதலீடோ இல்லாமல், சம்பளக்காரர் ஒருவர் வேலை நேரம் போக மிஞ்சிய இரவுகளில் செய்த வண்டி இது. ஆகவே வீட்டுப் பட்டறையில் பழைய கார் ஒன்றின் ஓடும் பிரதியைச் செய்ய விரும்புபவர்களுக்கு இது இயல்பான முன்மாதிரியாக அமைந்தது. அதே சமயம், ஒரு பிரதி எந்த அளவுக்கு மூலத்தை ஒத்தது என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதையும் இந்த வண்டியின் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

ஹென்றி ஃபோர்டு 1863 ஜூலை 30 அன்று மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் இயந்திரப் பட்டறைகளில் வேலை கற்றவர், 1891 இல் டெட்ராய்டின் எடிசன் மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். 1893 இறுதியில் தலைமைப் பொறியாளரானார். அதே காலத்தில் மனைவி கிளாராவுடன் பேக்லி அவென்யூ 58 ஆம் எண் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டுக்குப் பின்னால் செங்கல்லால் கட்டப்பட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதில் பாதி அவருக்கும் பாதி பக்கத்துக் குடியிருப்பாளரான ஃபீலிக்ஸ் ஜூலியனுக்கும் உரியது. ஜூலியன் தன் பங்கில் விறகும் நிலக்கரியும் அடுக்கி வைத்திருந்தார். ஃபோர்டின் வேலையில் ஆர்வம் கொண்டு பின்னர் அந்தப் பாதியையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார்.

1893 டிசம்பர் 24 அன்று ஃபோர்டு தன் முதல் சோதனை எஞ்சினை வீட்டுச் சமையலறையில் ஓட்டிப் பார்த்தார். சிலிண்டருக்கு ஒரு எரிவாயுக் குழாய்த் துண்டு, ஃப்ளைவீலுக்கு ஒரு பழைய லேத்தின் கைச்சக்கரம், பொறிக்கு வீட்டு விளக்கின் மின்சாரம் என்று கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த எஞ்சின் அது. சமையலறைத் தொட்டியின் மேல் அதைப் பொருத்தினார். பிறந்து ஏழு வாரமே ஆன மகன் எட்சல் அருகே இருக்க, கிளாரா பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். எஞ்சின் ஓடியது.

வண்டியின் உருவாக்கம்

முழு வண்டி உருவாக மேலும் இரண்டரை ஆண்டுகள் ஆயின. ஜிம் பிஷப் உள்ளிட்ட நண்பர்கள் இரவு வேலையில் உதவினர். டெட்ராய்டில் முதன்முதலில் மோட்டார் வண்டி ஓட்டியவர் ஃபோர்டு அல்ல, சார்லஸ் கிங் என்ற பொறியாளர். 1896 மார்ச் 6 அன்று கிங் தன் வண்டியை ஓட்டியபோது ஃபோர்டு சைக்கிளில் பின்தொடர்ந்தார் என்று கூறப்படுகிறது. கிங் தன்னிடமிருந்த வால்வுகளை ஃபோர்டுக்குக் கொடுத்து உதவினார்.

வண்டியின் பாகங்களைப் பற்றி ஃபோர்டு 1922 இல் வெளிவந்த தன் வாழ்க்கை நூலில் விரிவாகச் சொல்கிறார். இரு சிலிண்டர்களும் ஒரு பழைய நீராவி எஞ்சினின் புகைபோக்குக் குழாயிலிருந்து செய்யப்பட்டவை. ஒவ்வொன்றின் உள்விட்டம் இரண்டரை அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் ஆறு அங்குலம். இந்த அளவுகளின்படி எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 965 கன சென்டிமீட்டர் ஆகிறது. கிடைத்த ஆற்றல் சுமார் 4 குதிரைத்திறன். சக்கரங்கள் 28 அங்குல சைக்கிள் சக்கரங்கள். சட்டத்துக்கான இரும்பு வேலைகள், இருக்கை, வில்கள் ஆகியவை விலைக்கு வாங்கப்பட்டன. ஃப்ளைவீலுக்கு மர அச்சு செய்து கொடுத்து வார்த்து வாங்கினார். நுட்பமான பாகங்களைத் தானே செய்தார்.

எஞ்சினின் ஆற்றல் ஒரு பெல்ட் வழியாக இடைத்தண்டுக்கும், அங்கிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்கும் சென்றது. பெல்ட்டை மாற்றுவதன் மூலம் மணிக்கு 10 மைல், 20 மைல் என்ற இரண்டு வேகங்கள் கிடைத்தன. பின்னோக்கிச் செல்லும் வசதி இல்லை. படகுச் சுக்கான் போன்ற ஒரு தடியால் வண்டி திருப்பப்பட்டது. எச்சரிக்கை ஒலிக்கு வீட்டு வாசலில் வைக்கும் அழைப்பு மணி பொருத்தப்பட்டது. மொத்த எடை சுமார் 500 பவுண்டு, அதாவது 227 கிலோ.

1896 ஜூன் 4 அன்று விடியலுக்கு முன் வண்டி தயாரானது. அப்போதுதான் கொட்டகையின் கதவு வண்டியைவிடக் குறுகலானது என்பது தெரியவந்தது. ஃபோர்டு கோடரியை எடுத்துக் கதவுச் சட்டத்தையும் செங்கற்களையும் இடித்து வழி செய்தார். பிஷப் சைக்கிளில் முன்னே சென்று குதிரை வண்டிக்காரர்களை எச்சரித்தார். வழியில் வண்டி ஒருமுறை நின்றது. பழுது பொறியூட்டும் பகுதியில் இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு இருவரும் வீடு திரும்பினர்.

விற்பனையும் மீட்பும்

1896 இறுதியில் ஃபோர்டு இந்த வண்டியை சார்லஸ் ஐன்ஸ்லி என்பவருக்கு 200 டாலருக்கு விற்றார். அடுத்த வண்டிக்குப் பணம் தேவைப்பட்டதே காரணம். ஃபோர்டு மோட்டார் நிறுவனம் தொடங்கிய மறு ஆண்டான 1904 இல் 65 டாலருக்கு அதைத் திரும்ப வாங்கினார். இன்று அது மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

மூல வண்டி தப்பிப் பிழைத்திருப்பதால் பிரதி செய்வது எளிது என்று தோன்றலாம். ஆனால் அருங்காட்சியகத்தில் நிற்பது 1896 ஜூன் 4 அன்று கொட்டகையை விட்டு வெளியே வந்த அதே வண்டி அல்ல. ஃபோர்டின் கூற்றுப்படி, முதலில் எஞ்சினைக் குளிர்விக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அது கடுமையாகச் சூடேறியது. பிறகுதான் சிலிண்டர்களைச் சுற்றி நீர் உறை அமைத்து ஒரு தொட்டியுடன் இணைத்தார். வண்டி வேறு கைகளுக்கும் போய் வந்தது. எனவே பிரதி செய்பவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, எந்த நாளின் வண்டியைச் செய்வது என்பதே. நீர் உறை இல்லாமல் செய்தால் அது முதல் நாளின் வண்டிக்கு நெருக்கமானது, ஆனால் நெடுநேரம் ஓடாது. நீர் உறையுடன் செய்தால் நன்றாக ஓடும், ஆனால் அது சில காலம் கழிந்த வண்டி.

சாட்சியங்களின் முரண்

ஃபோர்டின் சொந்த நினைவும் முழுமையான வழிகாட்டி அல்ல. தன் நூலில் அவர் முதல் வண்டியை 1892 இல் முடித்து 1893 வசந்தத்தில் திருப்தியாக ஓட்டியதாக எழுதினார். வரலாற்றாசிரியர்கள் பிற சான்றுகளின் அடிப்படையில் 1896 என்பதையே ஏற்றுக்கொண்டுள்ளனர். தன் கையால் செய்த வண்டியின் ஆண்டையே மூன்று ஆண்டுகள் முன்னே தள்ளிச் சொன்னவரின் மற்ற விவரங்களையும் சோதித்தே ஏற்க வேண்டியுள்ளது.

பிரேக் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வண்டியை நிறுத்தக் கிளட்சை விடுவித்துக் காலால் பிரேக்கை அழுத்தினால் போதும் என்று ஃபோர்டு எழுதுகிறார். குவாட்ரிசைக்கிளைப் பற்றிய பல குறிப்புகளோ அதில் பிரேக்கே இல்லை என்கின்றன. படிப்பவருக்கு இது சிறிய முரண்பாடு. பிரதியை ஓட்டப்போகிறவருக்கு அது உயிர் சார்ந்த விஷயம்.

ஓடும் பிரதிகள்

ஃபோர்டு பிறந்த நூற்றாண்டான 1963 இல், ஃபோர்டு நிறுவன ஊழியர் ஜார்ஜ் டி ஏஞ்சலிஸ் குவாட்ரிசைக்கிளின் ஓடும் பிரதி ஒன்றை உருவாக்கினார். அப்பிரதியும் டியர்பார்ன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றது. அதன் பின்னரும் ஆர்வலர்கள் தம் பட்டறைகளில் இவ்வண்டியின் பிரதிகளைச் செய்துள்ளனர்.

ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டி ஒப்பிடத்தக்கது. 1886 ஜனவரி 29 அன்று பதிவான 37435 எண் காப்புரிமையுடன் அதன் வரைபடங்களும் விளக்கமும் நிலைத்துவிட்டன. மூல வண்டி 1906 இல் மியூனிக்கின் ஜெர்மன் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. 1986 இல் நூற்றாண்டையொட்டி அதன் பிரதிகள் பல செய்யப்பட்டன. பென்ஸின் வண்டியைச் செய்பவருக்குத் தொடங்க ஓர் ஆவணம் உண்டு. குவாட்ரிசைக்கிளைச் செய்பவர் பொருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்வதன் சிக்கல்கள்

குவாட்ரிசைக்கிளின் பெரும்பாலான பாகங்கள் இன்றும் வீட்டுப் பட்டறைக்கு எட்டக்கூடியவையே. ஒரு லேத், துளையிடும் இயந்திரம், பற்றவைப்புக் கருவி, அருகில் ஒரு வார்ப்பகம் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். சட்டம் மரவேலையும் இரும்பு வேலையும் சேர்ந்தது. சிலிண்டருக்குத் தடித்த எஃகுக் குழாய் கிடைக்கும். ஃப்ளைவீலுக்கு ஃபோர்டு செய்ததுபோலவே மர அச்சு செய்து வார்த்துக்கொள்ளலாம். உருவத்தில் ஒத்த ஒரு வண்டியைச் செய்வதில் பெரும் தடை இல்லை. அதை ஓட வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலாவது பொறியூட்டல். இந்த எஞ்சினில் இன்றுள்ள வகை ஸ்பார்க் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மேலே வரும் பிஸ்டன் இடித்து அவற்றைப் பிரிக்கும் கணத்தில் மின்னோட்டம் அறுபட்டுப் பொறி பறக்கும். 1896 ஆகஸ்டில் நியூயார்க்கில் தாமஸ் எடிசனைச் சந்தித்தபோது ஃபோர்டு இந்த அமைப்பைத்தான் வரைந்து விளக்கினார். இடி, வெப்பம், கரி மூன்றையும் தாங்க வேண்டிய இந்த முனைகள் விரைவில் தேயும். அவற்றின் இடைவெளி சற்று மாறினாலும் பொறி தவறான நேரத்தில் விழும், அல்லது விழாமலே போகும். முதல் ஓட்டத்திலேயே ஃபோர்டின் வண்டி நின்றதற்கு இந்தப் பகுதியே காரணம் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது எரிபொருள் கலவை. இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து சிறு குழாய் வழியாக வரும் பெட்ரோல், ஓர் எளிய கலப்பு வால்வில் காற்றுடன் சேர்கிறது. வேகத்துக்கு ஏற்பக் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் கார்பரேட்டர் இதில் இல்லை. ஓட்டுபவரே கேட்டும் உணர்ந்தும் திருத்த வேண்டும்.

மூன்றாவது பெல்ட். தோல் பெல்ட் ஈரத்தில் நீளும், வெயிலில் இறுகும், எண்ணெய் பட்டால் வழுக்கும். கிளட்சாகவும் கியராகவும் அதுவே வேலை செய்வதால், அதன் இறுக்கம் சரியில்லையென்றால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. மிகவும் இறுக்கினால் தாங்கிகள் தேயும். அந்தச் சரியான இறுக்கத்தை எந்த வரைபடமும் சொல்வதில்லை. ஓட்டிப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டும்.

இந்த இடங்களில் பிரதி செய்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸ்பார்க் பிளக்கையும் புதிய கார்பரேட்டரையும் மறைவாகப் பொருத்திவிட்டால் வண்டி சிரமமின்றி ஓடும். ஆனால் 1896 இன் எஞ்சின் எப்படி நடந்துகொண்டது என்பதை அது சொல்லாது. பழைய முறையிலேயே செய்தால் வண்டி அடிக்கடி நிற்கும். ஆயினும் ஒவ்வொரு முறை நிற்பதும் ஃபோர்டு எதிர்கொண்ட சிக்கலை அப்படியே காட்டும். பிரேக்கில் மட்டும் இந்தத் தேர்வுக்கு இடமில்லை. பொதுச் சாலையில் ஓட்ட வேண்டுமெனில் நம்பகமான பிரேக் தேவை. அதைச் சேர்த்ததை வெளிப்படையாகப் பதிவு செய்வதே நேர்மையான வழி.

வரலாற்று முக்கியத்துவம்

அருங்காட்சியகத்தில் உள்ள மூல வண்டியின் பாகங்கள் தேய்ந்தால் அவற்றுடன் சான்றும் அழியும். அதனால் அதைச் சோதனைக்காக ஓட்ட முடியாது. ஓடாத எஞ்சினைப் பார்த்து அதன் அதிர்வையோ சூட்டையோ ஒலியையோ அறியவும் முடியாது. இந்த இடைவெளியை நிரப்புவது ஓடும் பிரதியே. ஒரு மணி நேரத்தில் எஞ்சின் சூடேறும் என்ற ஃபோர்டின் கூற்றை, நீர் உறை இல்லாத ஒரு பிரதியை ஓட்டிச் சரிபார்க்கலாம். கால் பிரேக் எங்கே பொருந்தியிருக்க முடியும் என்பதைச் சட்டத்தைச் செய்யும் கை கண்டுகொள்ளும். பழைய எழுத்துச் சான்றுகளைச் செயலால் சோதிக்கும் முறை என்ற வகையில் பிரதி செய்வது வரலாற்று ஆய்வின் ஒரு பகுதியாகிறது.

இந்த வேலை மற்றொன்றையும் புலப்படுத்துகிறது. குவாட்ரிசைக்கிள் தனி ஒருவரின் கண்டுபிடிப்பு அல்ல. சைக்கிள் தொழிலின் சக்கரமும் சங்கிலியும், நீராவி எஞ்சினின் குழாய், வார்ப்பகத்தின் திறன், கிங்கின் வால்வுகள், பிஷப்பின் இரவுகள், ஜூலியன் விட்டுக்கொடுத்த பாதிக் கொட்டகை எல்லாம் சேர்ந்ததே அது. ஒவ்வொரு பாகத்தையும் தனியாகத் தேடியும் செய்தும் சேர்க்கும் பிரதிக்காரரே இதை நேரடியாக உணர்கிறார்.

இடத்தின் பிற்கால வரலாறு

பேக்லி அவென்யூவின் மூலக் கொட்டகை இன்று இல்லை. அந்த வீட்டின் செங்கற்கள் சிலவற்றையும் சேர்த்து ஃபோர்டு டியர்பார்னின் கிரீன்ஃபீல்டு கிராமத்தில் கொட்டகையின் பிரதியைக் கட்டுவித்தார். வீடு இருந்த இடத்தில் 1926 இல் மிச்சிகன் தியேட்டர் எழுந்தது. 1976 இல் அந்த அரங்கு மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் உட்பகுதி கார் நிறுத்துமிடமாக மாற்றப்பட்டது. குறுகிய கதவை இடித்து ஒரு வண்டி வெளியே வந்த இடத்தில், அலங்கார வேலைப்பாடுள்ள பழைய அரங்கின் கூரைக்குக் கீழே இன்று வரிசையாகக் கார்கள் நிற்கின்றன.