163 வருடம் தொலைந்து போன நட்சத்திரக் கூட்டம்

போன பதிவில் பங்குச்சந்தை பற்றி எழுதிவிட்டு இப்போது திடீரென்று வானத்துக்குத் தாவுகிறேனே, காமர்ஸ் படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்தக் கதை முழுக்க முழுக்கக் கணக்குப்பதிவியல் சம்பந்தப்பட்டதுதான். படித்து முடித்ததும் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. நட்சத்திரங்கள் தனித்தனியாகப் பிறப்பதில்லை. பெரிய வாயு மேகம் ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் ஒன்றாகப் பிறக்கின்றன. அப்படிப் பிறந்து, இன்னும் முழுதாகப் பிரிந்து போகாமல் இருக்கும் கூட்டத்துக்குத் திறந்த விண்மீன் கொத்து என்று பெயர். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கார்த்திகைக் கூட்டம் இந்த வகைதான். நம் கதாநாயகன் அதற்கு ஒரு தூரத்துச் சொந்தம். பெயர் மெஸ்ஸியே 47, சுருக்கமாக எம்47.

மெஸ்ஸியே என்பது ஒரு மனிதரின் பெயர். சார்ல் மெஸ்ஸியே, பிரான்சின் லொரெய்ன் பகுதியில் 1730ல் பிறந்தவர். 21 வயதில் பாரிசுக்கு வந்து, கடற்படை வானியலாளர் டெலிலிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஓட்டல் த குளூனி என்ற பழைய மாளிகையின் உச்சியில் இருந்த வானாய்வுக்கூடம்தான் அவருடைய ஆபீஸ். வால்நட்சத்திரம் கண்டுபிடிப்பதில் மனிதருக்குத் தீராத ஆசை. ஆனால் தொலைநோக்கியில் மங்கலாகத் தெரிவதெல்லாம் வால்நட்சத்திரம் ஆகிவிடாதே! நகராமல் ஒரே இடத்தில் நின்று ஏமாற்றும் மங்கல் பொருட்கள் வானத்தில் ஏராளம். அவற்றை எல்லாம் எண் போட்டு ஒரு பட்டியலாக எழுத ஆரம்பித்தார். "இங்கே பார்த்து ஏமாறாதே" என்று எழுதி வைத்த பட்டியல்தான் பிற்காலத்தில் அவருடைய புகழுக்கே காரணமானது. அவர் தேடிய வால்நட்சத்திரங்களின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1771 பிப்ரவரி 19 இரவு. ஒரே இரவில் நான்கு பொருட்களைப் பதிவு செய்கிறார், 46 முதல் 49 வரை. இதில் 46ம் 47ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் கொத்துகள். 47வது கொத்து முந்தையதிலிருந்து அதிக தூரமில்லை, அதன் நட்சத்திரங்கள் இன்னும் பிரகாசமானவை, மேகம் போன்ற மங்கல் எதுவும் இல்லை என்று குறிப்பு எழுதினார். அருகில் இருந்த ஒரு நட்சத்திரத்தை வைத்து இடத்தை அளந்தார். இன்று அதன் பெயர் 2 பப்பிஸ்.

எப்படி அளப்பார்கள்? பூமி சுற்றுவதால் வானம் நகர்கிறது, 4 நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம். கொத்து ஓரிடத்தைக் கடக்கும் நேரத்தையும், இடம் தெரிந்த நட்சத்திரம் அதே இடத்தைக் கடக்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் வித்தியாசம் கிடைத்துவிடும். இங்கே கொத்து முதலில் கடக்கும். சுமார் 9 நிமிடம் கழித்து 2 பப்பிஸ் வரும். அதாவது நட்சத்திரத்தின் அளவிலிருந்து 9 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். பட்டியலில் கூட்டியிருந்தது. வடக்கு-தெற்கு வித்தியாசத்திலும் இதே மாதிரி குறி மாறிப்போனது. பற்றுப் பக்கம் எழுத வேண்டியதை வரவுப் பக்கம் எழுதிய கதை!

பட்டியல் அச்சாகி உலகம் முழுக்கப் போனது. ஆசையாகத் தொலைநோக்கியைத் திருப்பியவர்களுக்கு அந்த இடத்தில் கொத்து எதுவும் கிடைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொத்து எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை. இருட்டான ஊரில் வெறும் கண்ணுக்கே லேசாகத் தெரியக்கூடியது அது. 1783ல் இங்கிலாந்தில் கரோலின் ஹெர்ஷல் அதைத் தானாகவே கண்டுபிடித்தார். 1785 பிப்ரவரி 4ல் அவருடைய அண்ணன் வில்லியம் ஹெர்ஷலும் பார்த்துத் தன் பட்டியலில் புதுப் பொருளாகச் சேர்த்துக்கொண்டார். 1888ல் டிரேயர் எல்லாப் பட்டியல்களையும் ஒன்றாக்கி என்ஜிசி என்ற பெரும் பேரேட்டை வெளியிட்டபோது, ஹெர்ஷலின் கொத்துக்கு 2422 என்று எண் கொடுத்தார். மெஸ்ஸியே சொன்ன, கொத்து இல்லாத இடத்துக்கு? அதற்கும் தனியாக 2478 என்று ஒரு எண்!

காமர்ஸ் நண்பர்களுக்கு இது என்னவென்று புரிந்திருக்கும். அனாமத்துக் கணக்கு! இருப்பாய்வு ஒத்துப்போகாதபோது, பிழை கிடைக்கும் வரை வித்தியாசத்தை ஒரு தற்காலிகக் கணக்கில் நிறுத்தி வைப்போமே, அதேதான். ஒரே கொத்துக்கு இரண்டு பதிவு. ஒன்று நிஜம், இன்னொன்று அனாமத்து.

அனாமத்துக் கணக்கை முதலில் முடித்து வைத்தவர் ஆஸ்திரிய வானியலாளர் ஆஸ்வால்ட் தாமஸ். 1934ல் எம்47ம் என்ஜிசி 2422ம் ஒன்றே என்று சொன்னார். 1771லிருந்து எண்ணினால் 163 வருடம். பிறகு 1959ல் கனடாவின் டி.எஃப். மாரிஸ் தனியாக அதே முடிவுக்கு வந்து, பிழை எப்படி நடந்தது என்பதையும் விளக்கினார். அதே இரவில் பதிவாகித் தொலைந்து போயிருந்த 48ம் இவர்கள் முயற்சியில்தான் மீண்டது.

நமக்கு வகுப்பில் சொல்லித் தந்த குறுக்குவழி ஞாபகம் இருக்கிறதா? இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால் அதை இரண்டால் வகுத்துப் பார், அந்தத் தொகை எங்கேயாவது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கும் என்பார்கள். மெஸ்ஸியே எழுதிய இடத்துக்கும் நிஜமான இடத்துக்கும் இடைவெளி நான்கு டிகிரிக்குச் சற்று மேல். அதைப் பாதியாக்கினால் ஏறக்குறைய நடுவில் நிற்பது 2 பப்பிஸ்! நான் இதை நட்சத்திர வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. கணக்கு வாத்தியார்கள் யாராவது 1800களில் வானம் பார்த்திருக்கலாம்...

சரி, மெஸ்ஸியேதான் முதலில் பார்த்தாரா? அதுவும் இல்லை. சிசிலித் தீவில் ஜொவான்னி பத்தீஸ்தா ஹொடியெர்னா என்று ஒரு பாதிரியார். 20 மடங்கு பெரிதாக்கும் சாதாரணத் தொலைநோக்கியால் பார்த்து, 1654ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் கொத்தைக் குறித்து வைத்திருந்தார். மங்கல் பொருட்களை மூன்று வகையாகவும் பிரித்தார்: வெறும் கண்ணுக்கே நட்சத்திரங்களாகத் தெரிபவை, தொலைநோக்கியில் நட்சத்திரங்களாகப் பிரிபவை, அதிலும் பிரியாதவை. மெஸ்ஸியேவுக்கு நூறு வருடத்துக்கும் முன்பு! ஆனால் அந்தப் புத்தகத்தைப் படிப்பாரில்லை. 1980களில்தான் வரலாற்று ஆய்வாளர்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஒருவர் சரியாகப் பார்த்தும் யாரும் படிக்கவில்லை. இன்னொருவர் தவறாக எழுதியதை எல்லோரும் படித்தார்கள். இதில் எது பெரிய இழப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்றைய கணக்குப்படி எம்47 நம்மிடமிருந்து சுமார் 1,600 ஒளியாண்டு தூரம். பக்கத்து வீட்டுக்காரர் போலத் தெரியும் எம்46 சுமார் 5,000 ஒளியாண்டு. ஒரே திசையில் இருப்பதால் ஜோடியாகத் தெரிகிறதே தவிர, இரண்டுக்கும் உறவில்லை. வயதும் வேறு. எம்47க்கு 10 கோடி வருடம்கூட ஆகவில்லை, எம்46க்கு 20 கோடியைத் தாண்டிவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பாரிசில் இந்தக் கொத்து அடிவானத்திலிருந்து சுமார் 27 டிகிரிக்கு மேல் ஏறாது. சென்னையில் 62 டிகிரி வரை ஏறும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே பாருங்கள். வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். அங்கிருந்து கிழக்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி அகலத்துக்குச் சற்று அதிகம் நகருங்கள். சாதாரண பைனாகுலர் போதும். மங்கலாக, புகை மாதிரி தெரிந்தால் அது எம்46. நாலைந்து வைரத்துண்டுகள் சிதறின மாதிரி பளிச்சென்று தெரிந்தால் அதுதான் நம் ஆள்.

பார்த்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மொட்டை மாடியில் தெருவிளக்குத் தொல்லை இல்லாத நண்பர்கள் இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள் :-)