கொள்ளைநோயும் நம் வட்டாரமும்: ஜெரெஜாக் தீவு முதல் நாப்போ வரை

இந்தப் பொன்விழா மலரைப் படிக்கும் நம் குடும்பங்களில், மூத்தவர்கள் பலரின் மேற்கையில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். அது அம்மை குத்திய அடையாளம். 1980 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு கிடையாது. நோய் வருமுன் அரசு செய்த தயாரிப்பும் அதற்கு மக்கள் கொடுத்த ஒத்துழைப்பும் சேர்ந்தே அந்தத் தழும்பைத் தேவையற்றதாக்கின. நம் வட்டாரத்தின் சுகாதார வரலாறு சொல்லும் பாடமும் இதுதான்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பினாங்கில் இறங்கினார்கள். வணிகத்துக்கு வந்தவர்களும் உண்டு, கெடா தோட்டங்களுக்கு ஆளாக வந்தவர்களும் உண்டு. தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கப்பலேறும் முன்பே முகாமில் அம்மை குத்தப்பட்டது. வரும் வழியில் கப்பலில் காலராவோ பெரியம்மையோ கண்டால், கரையைக் கண்ணால் பார்த்தும் இறங்க முடியாது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள ஜெரெஜாக் தீவில் 1870களில் அமைந்த தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே நாட்களை எண்ணிக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் டெக்கில் பயணம் செய்த ஏழைகள். அந்த ஏற்பாடு ஊரைக் காத்தது உண்மை. ஆனால் காத்திருந்தவர்களிடம் அவர்கள் மொழியில் காரணத்தை விளக்குவது அதன் முதல் நோக்கமாக இருந்ததில்லை.

1909இல் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கீழ் வந்தது. அதன் பின் சுங்கை பட்டாணி, பீடோங் பக்கம் காடு அழிந்து ரப்பர் தோட்டங்கள் பெருகின. காட்டை வெட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கியது, கொசு பெருகியது, மலேரியா வந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல் செக்கந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். 1901இல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலத்தை வடியவிட்டு, கால்வாய் வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். மருந்துக்கு முன்னால் கால்வாய் வேண்டும் என்ற பாடத்தை மலாயாத் தோட்டங்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன. டிரெசர் கொடுத்த கசப்பான கொய்னா மருந்தை மறக்காத பெரியவர்கள் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தார்கள். லயத்து வாய்க்கால் அடைபட்டால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் லயத்தில் குடியிருந்தவர்களே.

இந்த நாட்டில் நகராட்சி என்பதே சுகாதாரக் கவலையிலிருந்து வளர்ந்தது. கோலாலம்பூரில் 1890இல் ஏற்பட்ட சுகாதார வாரியம்தான் இன்றைய மாநகராட்சியின் வேர். குப்பை அள்ளுவது, கழிவு அகற்றுவது, சந்தையையும் ஆடு மாடு அறுக்கும் இடத்தையும் கண்காணிப்பது ஆகியவை அத்தகைய வாரியங்களின் வேலை. இன்று 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் நகராண்மைக் கழகங்கள் அவற்றைச் செய்கின்றன. நம்மில் பலர் உணவகம் நடத்துகிறோம். கடை உரிமத்துக்கு அதிகாரி வரும்போது அதைத் தொல்லை என்று நினைப்பதுண்டு. உணவு தொடும் ஊழியருக்கு டைபாய்டு தடுப்பூசி கேட்பதும், சமையலறைச் சாக்கடையைப் பார்ப்பதும், அடுத்த கொள்ளைநோய்க்கு எதிராக ஊர் போடும் முதல் வேலி.

கோத்தா கோலா மூடாவுக்குப் பேரிடர் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையில் ஏறியது. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். விலையைக் காதோடு காதாகச் சொல்லி மீன் விற்கும் நம் 'பாசார் பிசிக்' சந்தையை அறிந்தவர்கள் அன்று இந்த ஊர் இருந்த நிலையையும் அறிவார்கள். கடல் பின்வாங்கிய பிறகு, உயிர் தப்பியவர்களுக்கு நல்ல தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் கொடுப்பதே அடுத்த கவலை. அவை தவறினால் வெள்ளம் விட்டுவைத்தவர்களை வயிற்றுப்போக்கு கொண்டுபோகும். 1997ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்பு மன்ற ஆணைப்படி, மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரி தலைமையில் பேரிடர்க் குழு இயங்க வேண்டியிருந்தது. போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், சமூகநலம் எல்லாம் ஒரே மேசையில் அமர்வதற்காக ஏற்பட்ட அமைப்பு அது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கோவிட் வந்தது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஜும்ஆ நின்றது, பள்ளிவாசல் கதவுகள் மூடின. மூடா ஆறு மாநில எல்லை என்பதை அப்போதுதான் நம் பிள்ளைகள் உணர்ந்தார்கள். அக்கரையில் பினாங்கு மாநிலத்தில் உறவு, இக்கரையில் நாம், நடுவே போலீஸ் தடுப்பு. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் செய்யாதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) காட்டிய வழியை அறிந்த நமக்கு அந்தத் தடுப்பின் பொருள் புரியாமல் போகவில்லை.

அந்த ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுக் கண்காணிப்பை மீறினார். குபாங் பாசு மாவட்டத்தின் நாப்போவில் தொடங்கிய அந்தத் தொற்று 45 பேரை எட்டியது. சில முக்கிம்கள் முழுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. மீறியவருக்குச் சிறையும் அபராதமும் கிடைத்தன. நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது. ஆனால் அந்தத் தொற்றுக்குச் 'சிவகங்கா' என்ற பெயர் நின்றுவிட்டதால், அந்த மண்ணில் வேர் உள்ள அத்தனை பேருக்கும் அந்தச் சொல் உறுத்தியது. புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயர் சூட்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015லேயே கேட்டுக்கொண்டதற்கு இதுவே காரணம். பழிக்கு அஞ்சுகிறவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல் பரவும்.

ஜெரெஜாக் தீவிலும் நாப்போவிலும் நாம் காண்பது ஒன்றே. சட்டம் தனியாக நின்று நோயைத் தடுப்பதில்லை. தனிமையில் இருக்கும் ஏழைக்குச் சோறு யார் கொடுப்பது, கடையை மூடியவரின் ஊழியருக்குச் சம்பளம் எங்கிருந்து வருவது, மலாய் அறிவிப்பைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு யார் விளக்குவது என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் சட்டம் வேலை செய்யும். அலுவலகம் எட்டாத அந்த இடத்தை நம்மைப் போன்ற சங்கங்கள் எட்ட முடியும்.

ஆகவே நோய் இல்லாத இந்த நாட்களிலேயே சில வேலைகளை முடித்து வைப்போம். தனியாக வாழும் முதியோர், நீரிழிவும் இருதய நோயும் உள்ளோர், கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலை அவர்கள் சம்மதத்துடன் தயாரிப்போம். மாவட்டச் சுகாதார அலுவலகத்தோடு பேசுவதற்கு ஒருவரையும், தமிழில் செய்தி சொல்வதற்கு இருவரையும் நியமிப்போம். நோன்புக் கஞ்சி காய்ச்சும் நம் பெரிய தேக்சாக்கள் அடைபட்ட வீடுகளுக்குச் சோறு அனுப்பவும் உதவும். ஜனாஸாவைப் பாதுகாப்பாகக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் முறையை இளைஞர்கள் இப்போதே பயிலட்டும்.

அடுத்த ஐம்பது ஆண்டில் எந்த நோய் வரும் என்பதை அல்லாஹ் அறிவான். அது வரும் நாளில், காய்ச்சல் கண்டவர் அச்சமின்றி முதலில் வந்து சொல்லக்கூடிய இடமாக நம் சங்கம் இருக்க வேண்டும்.