பேராதனையும் ஆங்கில வாசிப்பும்: போதனாமொழி மாற்றத்தின் விடுபட்ட ஓர் அம்சம்

ஈழத்து உயர்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் போதனாமொழி மாற்றத்தை ஓர் அரசியல் நிகழ்ச்சியாகவே பெரிதும் நோக்கியுள்ளனர். அம்மாற்றத்தின் பின்னர் பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் நூலகத்திலே எதனை வாசித்தான், வாசித்ததை எவ்வாறு கட்டுரையாக்கினான் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆயினும் சுயமொழிக் கல்வியின் வெற்றி தோல்விகள் இவ்வினாவிலேயே தங்கியுள்ளன.

1921 இல் கொழும்பிலே நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அங்குப் பயின்றோர் 904 பேரே. கலைப்பீடம் 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பின்னரும் போதனாமொழி ஆங்கிலமாகவே நீடித்தது. அன்றைய மாணவர் பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்கள். வாசித்தல், குறிப்பெடுத்தல், வாதத்தை ஒழுங்குபடுத்தி எழுதுதல் ஆகிய திறன்களை அவர்களுக்குத் தனியே கற்பிக்கவேண்டிய தேவையைப் பல்கலைக்கழகம் உணரவில்லை. கட்டணஞ் செலுத்தக்கூடிய வர்க்கத்தின் பாடசாலைகளே அப்பணியை முன்கூட்டி நிறைவேற்றியிருந்தன.

சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இந்நிலையை மாற்றியது. அதற்கு முந்திய ஆண்டிலே, சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கோரி அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்த பிரேரணை, வ. நல்லையாவின் திருத்தத்தினால் தமிழையும் உள்ளடக்கியது. 1956 ஆம் ஆண்டின் சட்டம் அவ்விணக்கத்தைத் தகர்த்தது. எனினும் பாடசாலைகளில் இரு மொழிகளும் போதனாமொழிகளாக வளர்ந்தன. அவ்வாறு பயின்றோரின் முதலணி 1960 இல் கலைப்பீடத்தை அடைந்தது. நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானோரே ஆங்கில எழுத்தறிவு பெற்றிருந்த சமுதாயத்தில் இது மாபெரும் சனநாயகப் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆனால் மொழி மாறிய வேகத்தில் நூலகம் மாறவில்லை. விரிவுரை தமிழிலும் சிங்களத்திலும் நிகழ்ந்தது. பொருளியல், வரலாறு, சமூகவியல் ஆகியவற்றின் ஆய்வுநூல்களோ ஆங்கிலத்திலேயே இருந்தன. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டது. அவை பாடநூற் பஞ்சத்தை ஓரளவு தணித்தனவேயன்றி ஆய்விதழ்களின் இடத்தை நிரப்பவில்லை. நூலுக்கும் மாணவனுக்கும் இடையே விரிவுரைக் குறிப்பு வந்து நின்றது. குறிப்பை மனனஞ் செய்பவன் ஆசிரியரின் முடிபை அறிவான். அம்முடிபு எச்சான்றுகளிலிருந்து பிறந்தது, அதனை மறுப்போர் யாவர் என்பவற்றை அறியான். ஆராய்ச்சிப் பயிற்சி தொடங்கவேண்டிய இடம் அதுவே.

தமிழாராய்ச்சியின் வரலாறே இதற்குத் தக்க சான்று. சு. வித்தியானந்தனின் ‘தமிழர் சால்பு’ (1954) அவரது இலண்டன் ஆய்விலிருந்து முகிழ்த்தது. பேராதனையில் கற்ற க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்காமிலே யோர்ஜ் தொம்சனிடம் பயின்று தம் ஆய்வேடுகளை ஆங்கிலத்தில் எழுதினர். கைலாசபதியின் வீரயுகப் பாடல் பற்றிய ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போட்டில் நூலாயிற்று. சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட அவருக்கு ஆங்கில வாசிப்பு வழிதிறந்தது. அவ்வாய்வின் பயனை அவர் தமிழிலே எழுதிப் பரப்பியமையே ஈழத்துத் திறனாய்வை வளப்படுத்தியது. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் எழுதும் இவ்வழி ஆற்றலுடைய சிலருக்குக் கைவந்தது. பெருந்தொகையான மாணவருக்கு அதனைக் கற்பிக்கும் ஏற்பாடு போதியதாக அமையவில்லை.

பேராதனை மாணவரிடையே ஆங்கிலத்துக்கு வழங்கிய பெயர் ‘கடுவ’. சிங்களத்தில் வாள் என்பது பொருள். ஆங்கிலத்துறையைச் சேர்ந்த திரு கந்தையா 1984 இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில் இச்சொல்லையே தலைப்பாக்கி, அம்மொழி அதிகாரப் படைக்கலமாக இயங்குவதை ஆராய்ந்தார். உச்சரிப்பைக் கொண்டு ஒருவனின் குலமும் கல்லூரியும் அளக்கப்படும்பொழுது மொழி வாளாகின்றது. அந்த வாளின் கூர்மையை மிகுதியும் உணர்ந்தோர் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகள். நகரத்திலே திரித்துவக் கல்லூரி 1872 முதல் ஆங்கிலங் கற்பிக்க, சில மைல்களுக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளுடனேயே நின்றுவிட்டன. பேராதனையின் வாயிலை அணுகுவதே அவர்களுக்கு அரிதாயிற்று.

பல்கலைக்கழகங்களில் ஆங்கில போதனைப் பிரிவுகள் தோன்றின. 1980களில் புதுமுக மாணவருக்கு முன்னோடிப் பயிற்சியும் ஏற்பட்டது. ஆயினும் எத்தகைய ஆங்கிலம் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அனுபவத்தைக் கொண்டு சுரேஷ் கனகராஜா 1999 இல் வெளியிட்ட நூல், அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களிலே மாணவர் வரைந்த குறிப்புகளையும் சித்திரங்களையும் ஆராய்கின்றது. பாடத்தின் உலகம் தம்முடையதன்று என்பதை மாணவர் அவ்வோரங்களிலே பதிந்திருந்தனர். உரையாடற் பயிற்சியை முதன்மைப்படுத்தும் பாடநூல், மலையகக் கூலி வரலாற்றை ஆராய விழைபவனுக்கு ஆணைக்குழு அறிக்கையை வாசிக்கும் ஆற்றலைத் தாராது.

2001 முதல் ஆங்கிலமூலக் கல்வி பாடசாலைகளில் மீண்டும் இடம்பெறத் தொடங்கியது. தாய்மொழிக் கல்வி தோற்றதனாலேயே இம்மீட்சி நேர்ந்தது என்னும் வாதம் வரலாற்றுக்குப் பொருந்தாது. போதனாமொழியை மாற்றியவர்கள் வாசிப்பு மொழியைப் பற்றிச் சிந்திக்கத் தவறினர். இரண்டையும் ஒன்றாகக் கருதியதே குறைபாடு. தமிழில் சிந்தித்து எழுதும் உரிமையும் ஆங்கில நூலைத் தானே திறந்து ஐயுறும் ஆற்றலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பின்னையதை எல்லா மாணவருக்கும் உரித்தாக்காதவரை, முன்னையது பிறர் தந்த குறிப்புகளின் எல்லைக்குள்ளேயே அடைபட்டிருக்கும்.